எட்டுக் குழாய் தண்ணீர்

ஆய்வகத்தின் கிழக்குக் கோடி அறையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம் என்பது விதி. ஒன்பது ஆண்டுகளாக அந்த ஒருவர் துர்காதேவி.

பத்தடிக்கு எட்டடி அறை. ஜன்னல் இல்லை, கதவில் மட்டும் முகம் தெரியும் அளவுக்கு ஒரு கண்ணாடி. மேற்குச் சுவரில் ஒரு பெட்டி பதித்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. கலவை ஊற்றிய குழாய்களை அவள் உள்ளே வைத்துச் சாத்தினால், அடுத்த அறையில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். அங்கிருந்து இங்கே எதுவும் வராது. ஒரு துண்டுச் சீட்டுகூட வராது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் பின்மதிலை ஒட்டி இருந்தது அந்த ஆய்வகம். பழவேற்காடு ஏரிப்பக்கத்துப் பண்ணைகளிலிருந்து இறால் குஞ்சுகளை அங்கே கொண்டுவருவார்கள். குட்டையில் விடுவதற்கு முன், குஞ்சுகளுக்கு வெண்புள்ளி நோய் இருக்கிறதா என்று தெரியவேண்டும். நோய்க்கிருமியின் டிஎன்ஏவில் ஒரு துண்டு கிடைத்தால் போதும். பிசிஆர் இயந்திரம் அதை இரண்டாக்கி, நான்காக்கி, இரண்டரை மணி நேரத்தில் கோடிக்கணக்கில் பெருக்கிவிடும். பெருகியது ஜெல் என்ற கூழ்ப்பலகையில் ஒரு வெளிச்சக் கோடாகத் தெரியும். கோடு இருந்தால் நோய், இல்லாவிட்டால் இல்லை.

இயந்திரத்துக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அந்த முதல் துண்டு, இன்று வந்த குஞ்சினுடையதா, நேற்றுப் பெருக்கிய கோடியில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்ததா என்பதை அது கேட்பதில்லை. எனவே அறைகள் மூன்று. கிழக்கில் துர்காதேவியின் சுத்த அறை; பெருக்குவதற்கு வேண்டிய கலவையைக் குழாய்களில் ஊற்றுவது அங்கேதான். நடு அறையில் மாதிரியைச் சேர்ப்பார்கள். மேற்குக் கோடியில் ஜெல் அறை. பெருக்கிய குழாய்களைத் திறக்கும் இடம் அதுதான் என்பதால், அந்த அறையின் மேசை, பேனா, நாற்காலி எல்லாவற்றின் மீதும் அந்தக் கோடிகள் இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கிழக்கிலிருந்து மேற்கே போகலாம். மேற்கே போனவர் அன்று கிழக்கே திரும்ப முடியாது.

இந்த ஏற்பாட்டில் துர்காதேவிக்குக் குறை எதுவும் இல்லை. குறை சொல்லும் அளவுக்கு அதில் யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம். காலையில் வருகைப் பதிவேட்டின் முன்னால் ஐந்து நிமிடம் எல்லோரையும் பார்ப்பாள். பிறகு கதவு. ஒரு மணிக்கு வெளியே வந்து, கிழக்கு வாசல் படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள். மற்றவர்கள் மேற்கு வாசல் பக்கத்தில் சாப்பிடுவார்கள். அவர்கள் சிரிப்பது கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும். எதற்குச் சிரித்தார்கள் என்பது வராது. தங்கியிருந்தது ரெட்டம்பேடு சாலையில் ஒரு மாடி அறை. மாதம் ஒரு முறை மணவாள நகரில் தம்பி வீட்டுக்குப் போவாள். அங்கேயும் அவளுக்கென்று ஒரு தட்டு இருந்தது. அதை மேலே இருந்து எடுத்துத் துடைக்கவேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது.

தொழிற்பேட்டை முழுவதும் அன்று வேலை நிற்கும். ஃபோர்க்லிப்டுகளுக்கு வாழைக்கன்று கட்டியிருப்பார்கள். லாரி சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் காத்திருக்கும். ஆய்வகத்தில் பொது அறை மேசை மீது வெள்ளைத் துணி விரித்து, கருவிகளை வரிசையாக வைப்பது வழக்கம். சுத்த அறைக்கு மட்டும் தனி முறை. துர்காதேவி கதவின் வெளிப்புறத்தில் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு, மேசையிலிருந்து ஏழடி தள்ளி நிற்பாள். எட்டு ஆண்டுகள் அப்படித்தான் நின்றாள்.

ஜெல் அறையில் வேலை பார்க்கும் அருணாதான் அழைத்தாள். இருபத்துநாலு வயது, சேர்ந்து ஐந்து மாதம்.

"இன்னாக்கா, உன் பிப்பெட்டுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? எடுத்துக்கினு வா. எல்லாம் வரிசைல இருக்குது, அதுங்க மட்டும் உள்ள கதவ சாத்திக்கினு கீதுங்க."

"அதுங்க வெளிய வராதுமா."

"வருசத்துக்கு ஒரு நாளு. சாமி பாக்கவேணாமா?"

மேலாளர் கணேசன், நெற்றியில் விபூதியோடு, தட்டில் பொரியை அள்ளிக்கொண்டிருந்தார். "கொண்டாயேம்மா துர்கா. கும்பிட்டுட்டு துடைச்சு வச்சுக்க" என்றார்.

நுண்ணளவுத் திரவத்தை உறிஞ்சித் தரும் கைக்கருவிதான் பிப்பெட்; அதன் முனையில் ஒவ்வொரு முறையும் புதிய டிப் ஒன்றை மாட்டுவார்கள். அவளிடம் மூன்று இருந்தன. ஒன்பது ஆண்டுகளில் அவை அறையைவிட்டு வெளியே வந்ததில்லை. அவள் உள்ளே போனாள். மூன்றையும் எடுத்தாள். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது அருணா கைதட்டினாள்; வேறு இரண்டு பேரும் தட்டினார்கள். துர்காதேவி தன் பிப்பெட்டுகளை வரிசையின் கடைசியில், ஜெல் அறைப் பிப்பெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அருணா கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, விரலால் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். கிண்ணம், ஜெல் அறைக் கருவி, கிண்ணம், அடுத்தது. கடைசி மூன்றுக்கு வந்ததும், "அக்காவோடதுக்குப் பெருசா" என்று சொல்லி அழுத்தி வைத்து, குங்குமமும் வைத்தாள். வண்டி ஓட்டும் சாம்சன் போட்டோ எடுத்தான்.

"கொஞ்சம் உள்ள வாக்கா. பாதிதான் உளுவுற."

அவள் உள்ளே வந்தாள். அருணாவின் தோள் அவள் தோளில் பட்டது.

மாலையில் பிப்பெட்டுகளை அறைக்குத் திருப்பியபோது, அவற்றைத் துடைத்தாள். பிளீச் கலவையால் துடைத்திருக்கவேண்டும்; அதுதான் டிஎன்ஏவைச் சிதைக்கும். ஸ்பிரிட் கிருமியைக் கொல்லுமே தவிர டிஎன்ஏவை ஒன்றும் செய்யாது. அவளுக்கு இது தெரியாததில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். ஆனால் பிளீச் பட்டால் பொட்டு போய்விடும். பூஜையன்றே பொட்டை அழிக்கக் கை வரவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பொட்டைச் சுற்றி, வட்டமாக, மிகக் கவனமாகத் துடைத்தாள்.

வியாழன் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை அருணகிரி வந்தார்.

பழவேற்காட்டு மீனவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஏரியில் மீன் குறைந்த பிறகு, சுண்ணாம்புக்குளம் பக்கத்தில் இரண்டு குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து இறால் விடுகிறார். அவருடைய நர்சரித் தொட்டியில் ஆறு லட்சம் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. போன ஆண்டு இதே ஆய்வகம் நோய் என்று சொன்னது. அன்றே தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி எல்லாவற்றையும் அழித்தார். அதே குஞ்சுகளை விட்ட வேறொரு குட்டை நோயில் போனதில், சொன்னது சரி என்று தெரிந்தது. எனவே இந்த முறையும் வந்திருந்தார்.

"இன்னாமா, நல்லா கீறியா?" என்று கிழக்கு வாசலில் நின்ற துர்காதேவியைக் கேட்டார். "இந்த வாட்டி நல்லதா சொல்லு. நீ இன்னா சொல்றியோ அதத்தான் செய்வேன். ஆனா நல்லதா சொல்லு."

"நான் சொல்றதில்லண்ணே. மெஷின்தான்."

"மெஷினுக்கு சோறு ஊட்றது நீதான?"

அன்று பகல் அவருடைய ஐந்து மாதிரிகளுக்கும் கலவை ஊற்றினாள். மூன்றாவது பிப்பெட்டைப் பிடிக்கும்போது கட்டைவிரல் பொட்டின் மீது அமர்ந்தது. சந்தனம் காய்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு இன்டர்காம் ஒலித்தது. அருணாவின் குரல்.

"அக்கா, அருணகிரி அண்ணன் தொட்டி போச்சு. அஞ்சுல ரெண்டு பாசிட்டிவ்."

துர்காதேவி இன்டர்காம் பக்கம் குனிந்தாள். "கோடு எப்படி இருக்குது?"

"லேசாதான். பனி மாதிரி. ஆனா இருக்குது."

"கன்ட்ரோல்?"

மாதிரி எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீர் மட்டும் விட்ட குழாய்க்கு அந்தப் பெயர். அதில் கோடு வந்தால் தவறு ஆய்வகத்தினுடையது.

"கிளீனு. அதனாலதான் சார் அப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டாரு."

இன்டர்காமின் சிவப்பு விளக்கு அணைந்தது. துர்காதேவி மேசையைப் பார்த்தாள். தாங்கியில் மூன்று பிப்பெட்டுகளும் தொங்கின. மூன்றாவதன் பொட்டு முழு வட்டமாக இல்லை. கட்டைவிரல் படும் பக்கத்தில், ஒரு சிறு பிறை அளவுக்கு உதிர்ந்திருந்தது.

உதிர்ந்தது எங்கே போயிருக்கும் என்பதை அவள் அவசரமின்றி யோசித்தாள். பிப்பெட்டுக்கு நேர் கீழே எப்போதும் இருப்பது, மூடி திறந்த குழாய். ஒரு குழாயில் விழும், பக்கத்தில் விழாது. ஐந்தில் இரண்டில் விழலாம். கன்ட்ரோலில் விழாமல் போகலாம். அருணாவின் விரல் கிண்ணத்துக்கும் ஜெல் அறைக் கருவிகளுக்கும் இடையே போய்வந்த வரிசையை மனத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். ஜெல் அறையின் கோடிகள் பொட்டோடு வந்து சேர அது சரியான வழிதான்.

அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அருணகிரியும் நம்புவார், அவர் நம்புவது அவளைத்தான்.

கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்து கணேசனின் அறை வாசலில் நின்று சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"சந்தனத்துலயா வியாதி வரும்?"

"சந்தனத்துல இல்ல சார். விரல்ல."

"கன்ட்ரோல் கிளீனா இருக்குது. எதுக்கு நோண்டற? நாளைக்கு நெசமாவே வியாதியா இருந்து, நாம நிறுத்திவச்சு, பக்கத்து குட்டைக்கெல்லாம் பரவிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அது நியாயமான கேள்வி. "எட்டுக் குழாய் வெறும் தண்ணி போட்டுப் பாக்கறேன் சார். நாலு மணிக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.

"அதுக்குள்ள அவரு பவுடர் கொட்டிடுவாரு."

"நான் பேசறேன்."

வாடிக்கையாளரிடம் அவள் தொலைபேசியில் பேசியது அதுதான் முதல் தடவை. மறுமுனையில் காற்றுச் செலுத்தும் இயந்திரம் ஓடும் சத்தமும் அதற்கு மேல் அருணகிரியின் குரலும் கேட்டன.

"சொல்லுமா. பவுடரு எடுக்க ஆள் போயிகிறான். மூணு மணிக்கு போட்ருவேன்."

"அஞ்சு மணி வரைக்கும் போடாதீங்கண்ணே."

"ஏன், திரும்ப பாக்கறீங்களா குஞ்ச?"

"குஞ்ச பாக்கல. என்னைப் பாக்கறேன்."

அவர் இயந்திரத்திலிருந்து தள்ளி வந்தது சத்தம் குறைந்ததில் தெரிந்தது. பிறகு அவர், "எனக்குப் புரியற மாரி சொல்லு. எறா மேல சந்தேகமா, உன் மேல சந்தேகமா?" என்றார்.

"என் மேல."

"உன் மேலயா." சொல்லிப் பார்ப்பவர் போலச் சொன்னார். "பக்கத்து குட்டைக்காரன் எதிர்லயே நின்னுக்கினு கீறான்மா. போட்டுடு, போட்டுடுன்றான். அவன் பயம் அவனுக்கு. அஞ்சு மணின்னா அஞ்சு மணி. அதுக்கு மேல என்னால புடிச்சு வைக்க முடியாது."

அவள் அறைக்குள் திரும்பினாள். நேற்று எதையெல்லாம் எப்படிச் செய்தாளோ அதையெல்லாம் அப்படியே செய்தாள். அதே பிப்பெட், அதே பிடி, கட்டைவிரல் அதே இடத்தில். எட்டுக் குழாய்களிலும் கலவையை ஊற்றி, மாதிரிக்குப் பதில் தண்ணீரைத் தானே விட்டு, தானே மூடி, பெட்டிக்குள் வைத்தாள். இனி நடு அறையில் அவற்றைத் திறக்கவேண்டியதில்லை. எட்டிலும் ஒன்றும் தெரியாவிட்டால் அருணகிரியின் தொட்டி போகும், அவள் பெயர் நிற்கும். தெரிந்தால் தொட்டிக்கு வழி உண்டு. எது வரவேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை. பெட்டியின் கதவைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றே முக்காலுக்கு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, மேற்கு வாசல் வழியாக ஜெல் அறைக்குப் போனாள். அன்றைக்கு இனிச் சுத்த அறைக்குத் திரும்பவேண்டிய வேலை இல்லை.

"இன்னாக்கா, வழி தவறிட்டியா?" என்று அருணா கேட்டாள். கேட்டுவிட்டு, துர்காதேவியின் முகத்தைப் பார்த்து, மேசையருகே அவளுக்கு இடம் விட்டாள்.

ஒன்பது ஆண்டுகளாகத் தன் வேலையின் முடிவை அவள் அச்சிட்ட தாளில் மட்டுமே பார்த்திருந்தாள். ஜெல் என்பது உள்ளங்கை அகலத்தில், வேகவைத்த ஜவ்வரிசியின் நிறத்தில் இருந்த ஒரு பலகை. அருணா அறை விளக்கை அணைத்து, மஞ்சள் கண்ணாடி ஒன்றை அவளிடம் கொடுத்து, அடிவிளக்கைப் போட்டாள். எட்டு வரிசைகள். இரண்டாவதில் பனி போல ஒரு கோடு. ஐந்தாவதில் ஒன்று. ஆறாவதில் சற்றுத் தெளிவாகவே ஒன்று.

தண்ணீருக்கு வெண்புள்ளி நோய்.

"தண்ணி தானக்கா ஊத்துன?" என்று மெதுவாகக் கேட்டாள் அருணா. பிறகு தன் வலக்கை ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். "அய்யய்யோ. அப்ப நான்தானா?"

"விரல்தான் உன்னுது. எடுத்துக்கினு வந்தது நான். துடைக்காம வச்சதும் நான்."

"நான்தான கூப்டேன்."

"ஆமா" என்றாள் துர்காதேவி. "கூப்ட்ட."

இருட்டில், அடிவிளக்கின் வெளிச்சத்தில், இருவரும் ஒரே மேசையின் முன் நின்றுகொண்டிருந்தார்கள். நாலே கால் ஆனது. துர்காதேவி வெளியே வந்து அருணகிரியை அழைத்தாள்.

"போடாதீங்கண்ணே. தப்பு எங்களுது. திங்கக்கிழமை புதுசா பாக்கறோம். சாம்சன் காலைல வந்து குஞ்சு எடுத்துக்குவாரு. அதுவரைக்கும் அந்தத் தொட்டித் தண்ணி மட்டும் வெளிய போகவேணாம்."

"மூட்டைய பிரிச்சுட்டேன்மா" என்றார் அவர். "பிரிச்சு, பக்கத்துல வச்சுக்கினு, குந்திக்கினு கீறேன். சரி. கட்டி வச்சிடறேன்."

கணேசன் படத்தை இரண்டு முறை பார்த்தார். வெள்ளிக்கிழமை கொடுத்த முடிவுகள் அனைத்தையும் திரும்பப் பெறவேண்டும். அறையை முழுவதும் கழுவவேண்டும். சம்பவ அறிக்கை எழுதவேண்டும்.

"டிப் பெட்டி சரியில்லன்னு எழுதிடு" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "ஒன்பது வருசம் ஆயிருக்கு. இதுக்காகவா உன் பேரு கெடணும்?"

படிவத்தில் காரணம் என்ற கட்டத்துக்கு இரண்டு வரிதான் இடம் விட்டிருந்தது. துர்காதேவி இரண்டு வரியில் முடித்தாள். ஆயுத பூஜையன்று சுத்த அறைப் பிப்பெட்டுகள் மூன்றையும் பொது அறைக்கு எடுத்துச் சென்றேன். சந்தனப் பொட்டை அழிக்காமல் திரும்ப வைத்துப் பயன்படுத்தினேன்.

கணேசன் படித்தார். "யாரு கொண்டுவரச் சொன்னாங்கன்னு எழுதலியே."

"படிவத்துல கேக்கல சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். இனிச் சுத்த அறைப் பதிவேட்டில் நாள்தோறும் இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்தார். அந்த இன்னொருவர் உள்ளே வரத் தேவையில்லை. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக வந்தாள். உருக்காலையின் புகைபோக்கியைத் தவிரத் தொழிற்பேட்டையில் எதுவும் அசையவில்லை. சுவர், மேசை, தாங்கி, கதவுக் கைப்பிடி, எல்லாவற்றையும் பிளீச் கலவையால் துடைத்தாள். பிப்பெட்டுகளைக் கழற்றிப் பகுதி பகுதியாக அதில் ஊறவைத்தாள். குங்குமம் முதலில் வெளுத்தது. சந்தனம் இரண்டு நிமிடம் தாங்கியது. பிறகு விளிம்பிலிருந்து பிரிந்து, நீரில் கலங்கி, இல்லாமல் போனது. அதே பிளீச்தான் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு தொட்டியின் பக்கத்தில் மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை, பிரிக்காத பெட்டியிலிருந்து புதிய பிப்பெட்டுகளை எடுத்தாள். மாலையில் இன்டர்காம் ஒலித்தது.

"அஞ்சும் நெகட்டிவ்க்கா. தண்ணி எட்டும் கிளீனு." அருணா உடனே வைத்துவிடவில்லை. "அக்கா, சாப்ட்டியா?"

"ஆச்சுமா" என்றாள் துர்காதேவி. விளக்கு அணைந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு யாரோ கதவுக் கண்ணாடியைத் தட்டினார்கள். கையெழுத்துக்காக வந்த கணேசன் என்று நினைத்துத் திரும்பினாள். அருணகிரி நின்றுகொண்டிருந்தார்; வெளிவாசலில் தடுப்பவர் யாரும் இல்லை போலும். கையில் எவர்சில்வர் தூக்கு. அவள் கதவைத் திறக்காமல், பக்கத்தில் போய் நின்றாள். கண்ணாடிக்கு அப்பால் அவர் குரல் தூரத்தில் இருப்பது போலக் கேட்டது.

"நேத்தே குஞ்செல்லாம் குட்டைல உட்டுட்டேன்மா. பக்கத்து குட்டைக்காரன் இன்னும் மொறைச்சுக்கினுதான் கீறான். உடு. இந்தா, எங்க ஊட்ல உனக்குன்னு செஞ்சது. எறா தொக்கு."

"உள்ள கொண்டாராதீங்கண்ணே."

"சமைச்சதுமா."

"வியாதி எறான்னா சமைச்சாலும் கோடு வரும்ணே. மெஷினுக்கு வெந்தது வேகாததுன்னு தெரியாது."

அருணகிரி தூக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப நீ எறாவே துன்றதில்லியா?"

"ஒன்பது வருசமா இல்ல."

"அட கெரகமே" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும், அந்தச் சிறிய அறையை, அதன் சுவர்களை, தாங்கியில் தொங்கிய மூன்றையும் அப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். "இதுக்குள்ளயா பகலெல்லாம் கீற? கூட யாரும் இல்லாமயா?"

"கூட இருந்தா கெட்டுடும்ணே."

அவர் தலையை ஆட்டினார். சாம்சனிடம் கொடுத்துவிட்டுப் போவதாகத் தூக்கைக் காட்டிச் சைகை செய்தார். போகும் முன், ரயில் ஜன்னலில் விடைகொடுப்பவர்கள் செய்வது போல, வலக்கையைக் கண்ணாடி மீது விரித்து வைத்தார். வலை இழுத்த கை, அகலமானது. துர்காதேவி தன் கையுறைக் கையைத் தூக்கினாள். கண்ணாடியைத் தொடாமல், அந்தக் கைக்கு நேரே வைத்தாள்.

அவர் போய்விட்டார். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஐந்து விரல்களும் உள்ளங்கையும் மங்கலாகப் பதிந்திருந்தன. துடைக்கவேண்டும், அதற்குப் பிளீச்தான். பஞ்சை நனைத்துக்கொண்டு வெளியே வந்தவள், அருணகிரி முற்றத்தைக் கடந்து, வெளிவாசலில் திரும்பி, மதிலுக்கு அப்பால் மறையும் வரை, துடைக்காமல் நின்றாள்.